கடைசி ஊசி: கால்நடை மருத்துவரிடம் கேட்டவை

வளர்த்த பிராணியை ஊசி போட்டு வலியில்லாமல் அனுப்பி வைப்பது பற்றி வந்த கேள்விகள் இவை. நாய், பூனைகளுக்கு நெடுநாளாக வைத்தியம் பார்ப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

ஊசி போட்டதும் என்ன நடக்கும், டாக்டர்? வலிக்குமா?

முதலில் தசையில் ஒரு மயக்க ஊசி போடுவோம். அது சுருக்கென்று குத்தும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தலை தொங்கிவிடும். சில நாய்கள் அப்போது வாந்தி எடுக்கும், பயப்படாதீர்கள். அப்புறம் முன்னங்காலில் முடியை மழித்து, நரம்பில் ஊசிக்குழாய் பொருத்தி, தயோபென்டோன் போன்ற மருந்தை ஏற்றுவோம். ஆபரேஷனுக்குக் கொடுக்கும் மயக்க மருந்துதான், அளவுதான் மிக அதிகம். அரை நிமிடத்துக்குள் நினைவு போய்விடும். சில நிமிடங்களில் மூச்சும் இதயமும் நிற்கும். ரத்த ஓட்டம் குறைந்த கிழட்டு நாய்க்கு நரம்பு கிடைக்காமல் கொஞ்சம் தாமதமாகலாம்.

இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: கண் மூடாது. இதயம் நின்ற பிறகும் ஓரிரு முறை பெருமூச்சு வரலாம், கால் துடிக்கலாம், சிறுநீர் போகலாம். உயிர் திரும்புகிறது என்று அர்த்தமில்லை, அதற்கு எதுவும் தெரியாது. யாரும் சொல்லாததால் அந்தப் பெருமூச்சை வருடக்கணக்கில் மனதில் சுமந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மருத்துவரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: "முதலில் மயக்கம் கொடுப்பீர்களா?" நினைவோடு இருக்கும் பிராணிக்கு நேராக இதயத்தில் ஊசி போடுவதென்றால் சம்மதிக்காதீர்கள்.

எங்கள் லாப்ரடாருக்கு 13 வயது, கிட்னி போய்விட்டது. இன்னும் வாலாட்டுகிறான். எப்படி சார் மனசு வரும்?

வலியிலும் உங்களைப் பார்த்தால் அவன் வாலாட்டுவான். அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சாப்பிட்டானா, தானாக எழுந்தானா, படுத்த இடத்திலேயே சிறுநீர் கழித்தானா என்று தினமும் காலண்டரில் குறியுங்கள். கெட்ட நாட்கள் கூடிக்கொண்டே போனால் பேசலாம். நடக்க மட்டும் முடியாமல், ஆசையாகச் சாப்பிடும் நாய் என்றால் வலி மருந்து கொடுத்துப் பார்க்கச் சொல்லி நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

நான் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டுமா?

முடிந்தால் இருங்கள். ஆள் வெளியே போனால் மயங்கும்வரை கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். தலையில் கை வைத்து, வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தால் போதும். அழுகை வந்தால் அழுங்கள். உங்களால் தாங்க முடியாதென்றால் அந்தப் பிராணிக்குப் பழகிய இன்னொருவரை அனுப்புங்கள்.

வீட்டுக்கு வந்து செய்வார்களா?

பலர் வருவார்கள். தாராளமாகக் கேளுங்கள்.

ஆறு வயதுப் பெண்ணுக்கு என்ன சொல்வது?

"தூங்க வைத்துவிட்டோம்" என்று சொல்லாதீர்கள். ராத்திரி தூங்கப் போகவே பயப்படும். உடம்பு சரியாகாது, செத்துவிட்டது, வலிக்காமல் போக டாக்டர் மருந்து கொடுத்தார் என்று நேராகச் சொல்லுங்கள்.

தோட்டத்தில் புதைக்கலாமா?

புதைக்கலாம். ஆனால் அந்த மருந்து உடலிலேயே தங்கும். தெருநாயோ பருந்தோ தோண்டித் தின்றால் அதுவும் சாகலாம். ஆகவே நாலடிக்குக் குறையாமல், கிணற்றுக்குத் தள்ளிக் குழி வெட்டுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், பருத்தித் துணி போதும். சில மணி நேரத்தில் உடல் விறைத்துவிடும். அதற்கு முன்பே, வழக்கமாகச் சுருண்டு படுக்கும் மாதிரி கால்களை மடக்கி வையுங்கள். வீட்டில் இன்னொரு நாய் இருந்தால், மண் போடும் முன் ஒரு முறை மோந்து பார்க்க விடுங்கள்.