முதுகலைப் பட்டமா, தேர்வுப் பயிற்சி மட்டுமா?

கேள்வி: லண்டன் ஹரோவில் வசிக்கிறேன். வரலாற்றில் பட்டம் பெற்ற எனக்குச் சொலிசிட்டர் (வழக்கறிஞர்) ஆக விருப்பம். வேறு துறை படித்தவர்களுக்கான சட்ட மாற்றுப் படிப்பையும் சொலிசிட்டர் தேர்வுப் பயிற்சியையும் சேர்த்து எல்எல்எம் (சட்ட முதுகலைப் பட்டம்) ஆகத் தரும் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்துள்ளது. இன்னொரு நிறுவனம் பட்டமில்லாத குறுகிய பயிற்சியைப் பாதிச் செலவில் தருகிறது. “முதுகலைப் பட்டம் இல்லாவிட்டால் யார் வேலை தருவார்கள்?” என்கிறார் அம்மா. எதில் சேரலாம்?

பதில்: அன்பின் தங்கைக்கு, அம்மாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சொலிசிட்டராவதற்கு எல்எல்எம் தேவையில்லை. 2021 செப்டம்பரில் எஸ்க்யூஇ என்ற சொலிசிட்டர் தகுதித் தேர்வு முறை வந்தபின், ஏதேனும் ஒரு துறையில் பட்டம், இரு கட்டத் தேர்வுகளிலும் தேர்ச்சி, இரண்டு ஆண்டு பணி அனுபவம், நன்னடத்தைச் சோதனை ஆகியவையே கேட்கப்படுகின்றன. எல்பிசி என்ற பழைய சட்டத் தொழிற்பயிற்சிப் படிப்பைப் படித்தே ஆகவேண்டும் என்று சொல்லும் உறவினர்கள் தங்கள் காலத்துப் பாதையைச் சொல்கிறார்கள்.

கட்டாயமில்லை என்பதற்காகப் படிப்பே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். முதற்கட்டத் தேர்வு இரண்டு நாட்கள், நாளொன்றுக்கு 180 வினாக்கள். ஒப்பந்தம், காணி, மரணசாசனம், கட்சிக்காரரின் பணத்துக்கான கணக்கு விதிகள் எனப் பலவற்றிலிருந்தும் சிறு சிறு சம்பவங்களைத் தந்து, ஐந்து விடைகளில் மிகச் சரியானதைத் தெரிவு செய்யச் சொல்வார்கள். ஒரு வினாவுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 102 விநாடிகள். 2024 ஜூலையில் இக்கட்டத்தை எழுதியவர்களில் நூற்றுக்கு 44 பேரே தேறினார்கள். ஆறு ஆண்டுகளுக்குள் மூன்று முறைதான் எழுதலாம் என்பதால், ‘எழுதித்தான் பார்ப்போமே’ என்று ஒரு வாய்ப்பை வீணாக்க முடியாது. குறுகிய பயிற்சிகள் பெரும்பாலும் சட்டம் படித்தவரை மனத்தில் வைத்தே அமைக்கப்படுகின்றன. வரலாறு படித்த உங்களுக்கு அடித்தளம் முதலில் வேண்டும்.

ஆகவே, இரண்டில் ஒன்று என்றால், நான் எல்எல்எம் பக்கமே சாய்வேன். அதற்கு இன்னொரு காரணம் பணம். இங்கிலாந்தில் அரசின் முதுகலைக் கடன் முழுமையான முதுகலைப் பட்டத்துக்கே கிடைக்கும். வெறும் தேர்வுப் பயிற்சிக்குக் கிடைக்காது. சில படிப்புகள் எல்எல்எம் என்ற பெயரைச் சூடிக்கொள்வதே இதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனால் அது இனாம் அன்று: ஆண்டு வருமானம் 21,000 பவுணைத் தாண்டிய பின், மிகுதியில் 6 சதவீதம், இளங்கலைக் கடனின் தவணைக்கு மேலாகப் பிடிக்கப்படும்.

எனினும், முன்பணம் கட்டுமுன் சட்ட நிறுவனங்களின் பயிற்சி ஒப்பந்தங்களுக்கு (சம்பளத்துடன் வேலை பழகும் இடங்களுக்கு) விண்ணப்பியுங்கள். பெரிய சட்ட நிறுவனங்கள் பல, தாம் தெரிவு செய்தவர்களின் படிப்புக்கும் தேர்வுக்கும் தாமே செலுத்துகின்றன. எங்கே படிப்பது என்பதையும் அவையே தீர்மானிப்பதுண்டு. ஊர்த் தெருவிலுள்ள குடிவரவு, வீட்டுக் கொள்வனவுச் சட்ட அலுவலகங்களே உங்கள் நாட்டம் என்றால், அங்கே பாராலீகலாக (சட்ட உதவியாளராக) வேலை செய்துகொண்டு பகுதிநேரமாகப் படிப்பதே மேல். ஒரு சொலிசிட்டர் உறுதிப்படுத்தினால் அந்த வேலை இரண்டு ஆண்டு அனுபவத்தில் சேரும். நான்கு இடங்கள் வரை அதைப் பிரித்துக் கொள்ளவும் இடமுண்டு.

பல்கலைக்கழகத்திடம் இரண்டைக் கேளுங்கள். ஏறக்குறைய ஐயாயிரம் பவுணாகும் தேர்வுக் கட்டணம் படிப்புக் கட்டணத்தில் அடங்குமா? சட்டம் படிக்காமல் வந்து சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முதல் முயற்சியிலேயே தேறினார்கள்? எல்லா மாணவருக்கும் பொதுவான ஒரு விழுக்காட்டைச் சொல்லிச் சமாளித்தால், பிரித்துத் தரும்படி மின்னஞ்சலில் மீண்டும் கேளுங்கள். பதில் வந்த பின்னரே முன்பணத்தைக் கட்டுங்கள்.