பழைய வீடு வாங்கும்போது ஹோம் வாரன்டி: யார் காசில் எடுப்பது?

கேள்வி: டெக்சாஸில் டாலஸ் அருகே 2006-ல் கட்டிய வீட்டை வாங்க ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். காரணம் சொல்லாமலே ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளக்கூடிய ஆப்ஷன் காலம் இன்னும் முடியவில்லை. ஓராண்டு ஹோம் வாரன்டிக்கு 550 டாலர் வரை தருவதாக விற்பவர் சொல்கிறார். நாங்கள் இன்னும் 300 டாலர் போட்டுப் பெரிய பிளானாக எடுப்பது நல்லது என்கிறார் எங்கள் ஏஜென்ட். ஏசி, வீடு கட்டியபோது வைத்ததே. என்ன செய்யலாம்? எங்கள் டவுன்ஹோமையும் விற்கப் போகிறோம். வாங்குபவருக்கு நாங்களும் வாரன்டி தர வேண்டுமா?

பதில்: விற்பவர் தரும் 550 டாலரைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் 300 டாலரை மட்டும் ஒப்பந்தத்தை முழுசாகப் படிக்காமல் கொடுத்துவிடாதீர்கள். விளம்பரத் தாளைப் படித்தால் போதாது.

ஹோம் வாரன்டி என்பது சர்வீஸ் ஒப்பந்தம், இன்ஷூரன்ஸ் அல்ல. தீ, புயல், திருட்டு போன்றவற்றுக்கு வீட்டு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. உழைத்துத் தேய்ந்துபோகும் ஏசி, வாட்டர் ஹீட்டர், டிஷ்வாஷர் ஆகியவைதான் வாரன்டியில் வரும். களிமண் நிலம் சுருங்கி விரிவதால் ஃபவுண்டேஷனில் விழும் விரிசல் சாதாரணமாக இரண்டிலுமே வராது. அதற்கு, வாங்கும் முன் வீட்டைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் சொல்வதை மட்டும் நம்புங்கள்.

உங்கள் விஷயத்தில் எல்லாமே அந்த ஏசியைப் பொறுத்தது. 2006-ல் வைத்தது என்றால் அநேகமாக ஆர்-22 என்ற குளிரூட்டும் வாயுவில் ஓடும். அந்த வாயுவைப் புதிதாகத் தயாரிப்பதையும் இறக்குமதி செய்வதையும் அமெரிக்கா 2020 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. மிச்சமிருக்கும் சரக்கும் பழைய மெஷின்களிலிருந்து எடுத்துச் சுத்திகரித்ததும்தான் இப்போது கிடைக்கின்றன, அதனால் விலை அதிகம். அந்த வாயு ஓடும் குழாய்ச் சுருளான காயிலில் கசிவு வந்தால் ரிப்பேர் செய்வதைவிட மாற்றுவதே மேல். வெளியே இருக்கும் யூனிட்டை மட்டும் மாற்றினால் உள்ளே இருக்கும் பழைய காயிலோடு பொருந்தாது, இரண்டையும் மாற்ற வேண்டிவரும்.

இங்கேதான் பலர் ஏமாந்து நிற்கிறார்கள். ஏசிக்குக் கம்பெனி தரும் உச்சவரம்பு 2,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றும் செலவு 9,000 என்றால், வாரன்டி கையில் இருந்தும் 7,000 உங்கள் தலையில்தான். பழைய வாயுவை வெளியேற்றும் செலவு, பெர்மிட், இன்றைய கட்டட விதிப்படி செய்ய வேண்டிய மாற்றங்கள் இவையெல்லாம் பல ஒப்பந்தங்களில் தனிக்கணக்கு. ரிப்பேரா, மாற்றுவதா என்று முடிவு செய்வதும் கம்பெனியே, ஆளை அனுப்புவதும் கம்பெனியே. ஒவ்வொரு முறை ஆள் வரும்போதும் சர்வீஸ் கட்டணம் உண்டு. மாற்றுவதற்குப் பதில் பணமாகத் தந்தால், கடையில் நீங்கள் கொடுக்கும் விலையைப் பார்க்கமாட்டார்கள், தங்களுக்கு அடங்கும் விலையைத்தான் தருவார்கள். ஆகவே அந்த 300 டாலர் ஏசியின் வரம்பை நன்றாக உயர்த்தி, இந்தத் தனிக்கணக்குகளையும் சேர்க்கிறது என்றால் எடுங்கள். நீச்சல் குளம், இரண்டாவது ஃப்ரிட்ஜ் என்று பட்டியலை மட்டும் நீட்டுகிறது என்றால் வேண்டாம்.

இன்னொன்று. வாரன்டி தொடங்கும் முன்பே இருந்த கோளாறு என்று சொல்லி மறுப்பது சர்வசாதாரணம். ஏசி சரியாகக் குளிரவில்லை என்று இன்ஸ்பெக்ஷன் அறிக்கையில் இருந்தால், அதை வாரன்டி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். ஆப்ஷன் காலம் முடிவதற்குள் விற்பவரிடம் பேசி, சரிசெய்யச் சொல்லுங்கள் அல்லது க்ளோசிங்கில், அதாவது பணம் கட்டி வீடு உங்கள் பெயருக்கு மாறும் நாளில், கிரெடிட் கேளுங்கள். வீட்டு விலையைக் குறைத்தால் அந்த லாபம் 30 வருட மாதத் தவணையில் கரைந்துபோகும். கிரெடிட் என்றால் க்ளோசிங்கில் நீங்கள் கட்டும் தொகை குறைந்து, முதல் கோடையில் ஏசி நின்றால் கையில் காசு இருக்கும். நான் கிரெடிட்டைத்தான் கேட்பேன். இப்படி விற்பவர் தரும் தொகைக்கு வரம்பு உண்டு என்பதால், கடன் தரும் வங்கியிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

சரி, ஏஜென்ட் சொல்லும் கம்பெனியில்தான் எடுக்க வேண்டுமா? இல்லை. டெக்சாஸின் வழக்கமான மறுவிற்பனை ஒப்பந்தத்தில் 7எச் பத்தியைப் பாருங்கள்: வாரன்டியை வாங்குவது நீங்கள், குறிப்பிட்ட தொகை வரை க்ளோசிங்கில் உங்களுக்குத் திருப்பித் தருவது விற்பவர். மாநில லைசென்ஸ் உள்ள எந்தக் கம்பெனியையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஆள் பிடித்துக் கொடுத்ததற்காக ஏஜென்ட் கமிஷன் வாங்குவதை, வீட்டுக் கடனோடு நடக்கும் வீட்டு விற்பனைகளுக்கான 1974-ன் ரெஸ்பா சட்டம் தடுக்கிறது. அது ஹோம் வாரன்டிக்கும் பொருந்தும் என்று மத்திய வீட்டுவசதித் துறை 2010-ல் விளக்கியது. கம்பெனியிடமிருந்து ஏதாவது வருகிறதா என்று அவரிடமே நேராகக் கேளுங்கள், தப்பில்லை.

இனி உங்கள் டவுன்ஹோம். வாரன்டி தருவது கட்டாயமில்லை. முதலிலேயே அறிவிக்காமல், பேரம் இழுக்கும்போது கொடுக்க வைத்திருங்கள். தெரிந்த குறைகளை, வாங்குபவருக்கு நீங்கள் எழுதித் தரும் விற்பவர் அறிக்கையில் எழுதியே ஆக வேண்டும். வாரன்டி கொடுத்துவிட்டோமே என்று மறைத்தால் பிறகு வழக்கில் மாட்டுவீர்கள். உங்கள் ஏசி புதிது என்றால், தயாரிப்பாளரின் வாரன்டியைப் புது உரிமையாளர் பெயருக்கு மாற்ற முடியுமா, எத்தனை நாளுக்குள் பதிய வேண்டும் என்று கேட்டு, பில்லோடு கொடுங்கள். நீங்கள் வாங்கும் வீட்டிலும் இதையே கேட்டு வாங்குங்கள்.

வாரன்டி எடுத்த பிறகு ஏசியை ஆண்டுதோறும் சர்வீஸ் செய்து ரசீதை எடுத்துவையுங்கள். பராமரிக்கவில்லை என்று மறுத்தால் அதுதான் சாட்சி. நடுவில் ஏசியை மாற்றிவிட்டால், ஆண்டு முடிவில் கார்டிலிருந்து தானாகப் பணம் எடுத்துப் புதுப்பிக்கும் முன் ரத்து செய்துவிடுங்கள்.