வாத்தியார் பாடம் நடத்தாத வகுப்பு

அன்புள்ள ஐயா,

மொரிஷியஸ் ரோஸ்ஹில்லிலிருந்து எழுதுகிறேன். என் மகள் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு கணிதம் படிக்கிறாள். ஒரு பாடத்தில் விரிவுரையாளர் போர்டில் எழுதி நடத்துவதே இல்லையாம். கேள்வியைக் கொடுத்து, பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொல்லிவிடுகிறாராம். "நானே படிச்சுக்கணும்னா யூனிவர்சிட்டி எதுக்கும்மா?" என்கிறாள். நியாயம்தானே?

ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

எரிச்சல் வரத்தான் செய்யும். பள்ளி இறுதித் தேர்வான ஹெச்எஸ்சி வரை டியூஷனில் பழைய கேம்பிரிட்ஜ் தேர்வுக் கேள்வித்தாள்களைப் போட்டுப் போட்டு வளர்ந்த பிள்ளைகள். சார் போட்டுக் காட்டுவார், நாம் அதே மாதிரி போட வேண்டும். கணக்கு என்றால் அதுதான் என்று பழகிவிட்டார்கள். ஆனாலும் நான் அந்த விரிவுரையாளர் பக்கம்தான்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். 1 + 1/2 + 1/3 + 1/4 என்று கூட்டிக்கொண்டே போகிறோம். சேர்க்கும் எண் சிறுத்துக்கொண்டே வருகிறது. மொத்தம் ஓர் எல்லைக்குள் நிற்குமா? நிற்கும் என்றுதான் முதலில் தோன்றும். சரி, பக்கத்தில் இருப்பவருக்குக் காரணம் சொல் என்றால் தடுமாற்றம் தொடங்கும். உங்கள் ஊர்க் கிரியோல் மொழியில் சத்தமாக வாதாடுவார்கள். ஒருத்தி 1/3ஐயும் 1/4ஐயும் கூட்டிப் பார்ப்பாள்: அரைக்கு மேல். அடுத்து 1/5 முதல் 1/8 வரை நான்கு எண்கள், எதுவும் 1/8க்குக் குறைவில்லை. மறுபடி அரைக்கு மேல். அடுத்த எட்டும் அப்படியே. அரை அரையாகச் சேர்ந்துகொண்டே இருப்பது எங்கே நிற்கும்?

இதைப் போர்டில் இரண்டு நிமிடத்தில் எழுதிவிடலாம், பிள்ளைகளும் பார்த்தெழுதிவிடுவார்கள். எண் சிறுத்தால் போதும், மொத்தம் ஓர் எல்லைக்குள் நின்றுவிடும் என்ற தப்பெண்ணம் மட்டும் உள்ளே அப்படியே கிடக்கும், பரீட்சையில் வெளியே வரும்.

2014இல் அமெரிக்க ஆய்வாளர் ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சராசரியாக 34 சதவீதம் பேர் தேறவில்லை. மாணவர்களை வேலை செய்ய வைத்த வகுப்புகளில் 22 சதவீதம். உங்கள் மகளின் மனக்குறையையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஹார்வர்டின் இயற்பியல் வகுப்புகளில் செய்து 2019இல் வெளியான ஆய்வு அது. தாமே முட்டி மோதியவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். சரளமான விரிவுரையைக் கேட்டால் எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி இருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் உங்கள் மகளோடு சேர்ந்துகொள்வேன். கேள்வியைக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பது கற்பித்தல் ஆகாது. வகுப்பு முடிவதற்குள் எந்த வாதம் எங்கே உடைந்தது, சரியான நிரூபணம் எது என்று அவரே விளக்கி முடிக்க வேண்டும். அதைச் செய்யவில்லை என்றால் மகள் நேரில் போய்க் கேட்கட்டும். அது அவளுடைய உரிமை. செய்கிறார் என்றால், தயவுசெய்து புதிதாக டியூஷன் எதிலும் சேர்த்துவிடாதீர்கள். அதே வகுப்பில் இருக்கும் இரண்டு பேரை சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லி, சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போடச் சொல்லுங்கள்.