பாஸ்வேர்டு மேனேஜர் (எல்லாப் பாஸ்வேர்டையும் ஒரே பெட்டகத்தில் பூட்டி வைக்கும் ஆப்): எதை எடுப்பது?

கடையில் விண்டோஸ், என் கையில் ஆண்ட்ராய்டு, மகளிடம் ஐபோன். மூன்றுக்கும் ஒத்துவருவது எது?
(விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருப்பவர்)

பிட்வார்டன். இலவசக் கணக்கிலேயே எத்தனை பாஸ்வேர்டும் வைக்கலாம், எத்தனை கருவியிலும் திறக்கலாம். ஒன்பாஸ்வேர்டு பழகச் சுகமானது, ஆனால் சந்தா கட்டியே ஆகணும். கடை கம்ப்யூட்டரில் நாலு பேர் கை படும் என்பதால், 5 நிமிடத்தில் தானாகப் பூட்டிக்கொள்ளும்படி வைத்துவிடுங்கள். பின்னாளில் வேறொன்றுக்கு மாறினால், எக்ஸ்போர்ட் செய்யும் (வெளியே எடுக்கும்) சிஎஸ்வி ஃபைலில் எல்லாப் பாஸ்வேர்டும் மறைப்பில்லாமல் அப்படியே தெரியும். புது இடத்தில் ஏற்றியதும் அதை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள்.

குரோமே சேமித்துக்கொள்கிறதே, போதாதா?
(திருப்பரங்குன்றம்)

எல்லாவற்றிலும் குரோம்தான் என்றால் போதும். ஃபயர்பாக்ஸுக்குப் போனால் கூடவே வராது.

2022-ல் லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்டு மேனேஜரில் திருட்டு நடந்ததே. எதை நம்பி ஒரே இடத்தில் வைப்பது?
(மேலூர்)

நியாயமான பயம். திருடர்கள் வாடிக்கையாளர்களின் பெட்டக நகல்களையே கொண்டுபோனார்கள். உள்ளே பாஸ்வேர்டுகள் குறியாக்கத்தில் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி) இருந்தன. எந்தெந்தத் தளம் என்ற முகவரிகள் அப்படி இல்லை. நகல் கைக்குப் போய்விட்டால் பெட்டகத்தைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டின் நீளம்தான் காவல். அகராதியைக் கண்ணை மூடிப் பிரித்து, சம்பந்தமில்லாத ஐந்து சொல் எடுங்கள்: ஏணி, கொடுக்காப்புளி, சாவடி, பம்பரம், நரை என்பது மாதிரி (இதையே எடுக்க வேண்டாம்). அதை இங்கிலீஷ் எழுத்தில் அடியுங்கள். மீனாட்சியும் ஜிகர்தண்டாவும் வேண்டாம், மதுரைக்காரர் என்றால் எவரும் முதலில் அதைத்தான் போட்டுப் பார்ப்பார்கள்.

அடுத்தவர் சர்வரே வேண்டாம் என்றால் கீபாஸ் வழி. பெட்டகம் ஒரே ஒரு ஃபைல். கம்ப்யூட்டரில் கீபாஸ்எக்ஸ்சி, ஆண்ட்ராய்டில் கீபாஸ்டிஎக்ஸ், ஐபோனில் ஸ்ட்ராங்பாக்ஸ் அதைத் திறக்கும். பென்டிரைவில் நகல் வைப்பது உங்கள் பொறுப்பு.

மாஸ்டர் பாஸ்வேர்டே மறந்துபோனால்?
(திருமங்கலம், ஓய்வுபெற்ற ஆசிரியை)

அம்மா, பிட்வார்டன்காரர்களாலும் அதை மீட்டுத் தர முடியாது. அவர்களிடமே அது இல்லை. அதனால் காகிதத்தில் எழுதி வையுங்கள், தப்பே இல்லை. எங்கள் அப்பா தவறிய பிறகு அவர் ஈமெயிலைத் திறக்க இரண்டு மாதம் அலைந்தோம். கடைசியில் இன்சூரன்ஸ் பாலிசி கவரின் உட்புறம் பென்சிலில் எழுதியிருந்தது கிடைத்தது, கடைசி மூன்று எழுத்து அழிந்துபோய். நான் பேனாவில் எழுதி, இரட்டைச் சரிபார்ப்புக்கான (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்கும் முறை) மீட்புக் குறியீட்டையும் சேர்த்துக் கவரில் ஒட்டி, பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன். இடம் என் மனைவிக்கும் மூத்தவனுக்கும் தெரியும்.