மாத்திரையும் போதைதானா?

கேள்வி: கரூரில் தறிப் பட்டறை வைத்திருக்கிறேன். குடியை விட்டுச் சில மாதம் ஆகிறது. பொழுது சாய்ந்தாலே நெஞ்சு படபடக்கிறது. டாக்டர் எஸ்சிட்டலோபிராம் எழுதித் தந்தார். ‘மாத்திரையும் போதைதான்’ என்கிறார் மச்சான். நண்பரோ, தன்னிடமுள்ள அல்பிரசோலம் போட்டால் உடனே அடங்கும் என்கிறார். என்ன செய்வது?

பதில்: இருவர் பேச்சையும் விடுங்கள் தம்பி. எஸ்சிட்டலோபிராம் போதை தராது, ஏங்கவும் வைக்காது. பலன் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகலாம். முதல் வாரத்தில் குமட்டும், படபடப்புகூடச் சற்று ஏறலாம், பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

அல்பிரசோலம் அப்படியல்ல. சாராயம் மூளையின் பரபரப்பை அடக்கும் எந்தக் காபா ஏற்பிகளை (நரம்புச் செல்லில் மருந்து போய் ஒட்டும் இடங்களை) தொடுகிறதோ, அதே ஏற்பிகளைத்தான் இதுவும் தொடுகிறது. உடனே இதமாக இருப்பதும் அதனால்தான், சீக்கிரம் பழகிப்போவதும் அதனால்தான். குடியை நிறுத்திய முதல் சில நாட்களில் வலிப்பு வராமலிருக்க இந்த வகை மருந்துகளை நாங்களே தருவோம். பிறகு படிப்படியாகக் குறைத்து நிறுத்துவோம். நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். இதோடு குடியும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடக்கூடும். ஏற்கெனவே தினமும் போடுகிறீர்கள் என்றால் மட்டும் திடீரென விடாதீர்கள், டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மாலைக் காபியைக் குறையுங்கள். மனம் தாங்காத வேளையில் 14416 என்ற எண்ணில் டெலி மானஸை, அதாவது அரசின் மனநல உதவித் தொலைபேசியை அழையுங்கள். இரவு பகல் எப்போதும் பேசலாம், கட்டணமில்லை. மச்சானையும் அடுத்த முறை டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.