கைகால் அசையாதவருக்கு வீட்டில் ரோபோ உதவுமா?

பாம்பனில் படகில் விழுந்து கழுத்துத் தண்டுவடம் அடிபட்ட உங்கள் மாமாவுக்கு ரோபோ பயன்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயன்படும். ஆனால் வீடு முழுக்க நடமாடும் வேலைக்காரனை எதிர்பார்க்காதீர்கள்.

அமெரிக்காவில் ஹென்றி எவன்ஸ் என்பவருக்கு 2002-ல் பக்கவாதம் வந்து கைகாலும் பேச்சும் போய்விட்டன. தலையை லேசாக அசைத்துத் திரையில் அம்புக்குறியை நகர்த்தி, பிஆர்2 என்ற ரோபோவால் தன் முகத்தைத் தானே மழித்துக்கொண்டார், அரிப்பெடுத்த இடத்தைத் தானே சொறிந்தார். அரிப்புக்குக்கூட இன்னொருவரைக் கூப்பிட வேண்டியவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

அதனால் முதலில் பார்க்க வேண்டியது, மாமாவுக்கு எந்த அசைவு மிச்சம் இருக்கிறது என்பதுதான். விரல் கொஞ்சம் அசைந்தால் ஜாய்ஸ்டிக் என்ற சிறு பிடியால் ரோபோவை இயக்கலாம், இல்லையென்றால் தலை அசைவால் அல்லது உதட்டால். அதை ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர், பார்த்துச் சொல்வார்.

சக்கர நாற்காலியில் பொருத்தும் ரோபோ கை தண்ணீர்க் குவளையை எடுத்துத் தரும், ஸ்விட்சைத் தட்டும். ஆளைத் தூக்காது. விலையும் பல லட்சம். அப்புறம் நம் கடற்கரைப் பிரச்சினை: உப்புக்காற்று மின் இணைப்புகளை அரிக்கும், மணல் மூட்டுகளில் புகும். தினமும் துடைத்து, வேலை முடிந்ததும் மூடி வைக்க வேண்டும்.

சரி, இப்போதைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பேட்டரி சக்கர நாற்காலிக்கு விண்ணப்பியுங்கள். வாசற்படிக்குச் சாய்தளமும் போட்டுவிடுங்கள்.