போட்டிக்கு எட்டு வாரம்தான் இருக்கு, பையனோட எடையைக் குறைக்கலாமா?

கேள்வி: கொருக்குப்பேட்டையில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். இந்த ஜூனில்தான் மல்யுத்த அணி ஆரம்பித்தோம். 15 முதல் 17 வயதுவரை 13 பையன்கள். பாதிப் பேர் கபடி ஆடியவர்கள், இரண்டு பேர் பாக்சிங், மற்றவர்கள் புதுசு. எட்டு வாரத்தில் போட்டி. எதிலிருந்து தொடங்குவது? 51 கிலோ பையன் ஒருவனை 48 கிலோ எடைப் பிரிவுக்கு இறக்கினால் ஜெயிப்பான் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இறக்காதீர்கள்.

51-இல் மூன்று கிலோ என்பது கிட்டத்தட்ட ஆறு சதவீதம். ரெயின்கோட் போட்டு ஓடவிடு, தண்ணியைக் குறை என்று யாராவது யோசனை சொல்வார்கள். அப்படிப் போவது கொழுப்பு அல்ல, உடம்பின் தண்ணீர். 1997 கடைசியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை குறைக்கப் போய் சுமார் ஒரு மாத இடைவெளியில் இறந்துபோனார்கள். பிறகு அங்கே பள்ளிப் பையன்களுக்கு வாரத்துக்கு ஒன்றரை சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது என்று விதியே வந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் எடை 100 கிராம் கூடுதலாக இருந்ததால் இறுதிப் போட்டியில் ஆடும் வாய்ப்பையே இழந்தார். நிபுணர்கள் சூழ இருந்த அவருக்கே அந்தக் கதி. நம் பையன் இன்னும் வளர்கிறவன். 51 கிலோ பிரிவிலேயே இரண்டு பேர் இருந்தால் ஒருவனை 55 கிலோ பிரிவில் ஆடவிடுங்கள். காசிமேட்டு நெத்திலியும் முட்டையும் சுண்டலும் சாப்பிட்டு பலத்தோடு தோற்பது, பட்டினி கிடந்து தலைசுற்றித் தோற்பதைவிட எவ்வளவோ மேல்.

அடுத்தது வெயில். நம் பக்கம் கடல் காற்றில் ஈரம் அதிகம், வேர்வை காயாது. வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். அதனால் முதல் இரண்டு வாரம் காலை ஆறு மணிக்கே ஆரம்பித்து, நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 50 கிலோ பையன் ஒரு கிலோ குறைந்திருந்தால் அன்றைக்கு அவனுக்குப் போதும். அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் உள்ளே போக வேண்டும். உப்புப் போட்ட மோர் நல்லது. எவனாவது உளற ஆரம்பித்தால் பேச்சே வேண்டாம், நிழலில் படுக்க வைத்துத் தலையிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

சரி, எதிலிருந்து தொடங்குவது? விழுவதிலிருந்து. மோவாயை நெஞ்சோடு ஒட்டி, முதுகு உருள விழ வேண்டும். கையை ஊன்றி விழுகிறவன்தான் கட்டுப் போட ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போவான். ஒரு வாரம் இதற்கே போனாலும் பரவாயில்லை.

அப்புறம் உங்கள் கபடிப் பையன்கள். அவர்கள்தான் உங்களுக்குச் சொத்து, தலைவலியும் அவர்கள்தான். காலுக்குப் பாயப் பயமே இருக்காது. ஆனால் ரைடரின் கணுக்காலைப் பிடிக்கும்போது அவர்கள் தலை தரையைப் பார்க்கும். கபடியில் அது செல்லும், ஏனென்றால் பிடி விழுந்த உடனே கூட ஆடுகிறவர்கள் வந்து மேலே விழுந்துவிடுவார்கள். மல்யுத்தத்தில் யாரும் வர மாட்டார்கள். குனிந்த தலையை எதிராளி கக்கத்தில் மடக்கிக்கொண்டு பின்பக்கம் சுற்றி வந்தால் அவனுக்கு இரண்டு புள்ளி. கழுத்துக்கும் ஆபத்து. காது எதிராளியின் விலாவில் ஒட்ட வேண்டும், கண் மேலே இருக்க வேண்டும். இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. நான் செய்வது இதுதான்: ஆளில்லாமல் பாயும் பயிற்சியின்போது எதிரே நின்று விரல் காட்டுவேன். பாய்ந்துகொண்டே எத்தனை விரல் என்று அவன் கத்த வேண்டும். தலை குனிந்தவன் தப்பாகச் சொல்லி மாட்டிக்கொள்வான், மற்றவர்கள் சிரிப்பார்கள். பத்து நாளில் தலை தானாக நிமிரும்.

பாக்சிங் பையன்களுக்குக் கால் அசைவு பிரமாதமாக இருக்கும், ஆனால் நிமிர்ந்து நிற்பார்கள். இருவரை எதிரெதிரே விட்டு முட்டியைத் தொடும் விளையாட்டு விடுங்கள், இடுப்பு தானாக இறங்கும்.

போனில் பார்த்துவிட்டு எல்லோரும் தோபி பச்சாட் கேட்பார்கள். துவைகல்லில் துணியை அடிப்பதுபோல் ஆளைத் தோளுக்கு மேலே எடுத்து எறிவது. பார்க்க அழகுதான். இந்த எட்டு வாரத்துக்கு வேண்டாம். டபுள் லெக் (இரண்டு காலையும் பிடித்து வீழ்த்துவது), சிங்கிள் லெக் (ஒரு காலை மட்டும் பிடிப்பது), அவற்றைத் தடுப்பது, குப்புற விழுந்தால் புரளாமல் தாங்குவது, இவ்வளவு போதும்.

ஐந்தாம் வாரத்திலிருந்து நிஜப் போட்டி மாதிரி விடுங்கள். 17 வயதுக்கு உட்பட்டோருக்கு சர்வதேச விதிப்படி இரண்டு நிமிடம் வீதம் இரண்டு சுற்று, நடுவில் 30 விநாடி ஓய்வு. காலையும் பிடிக்கலாம் என்கிற ஃப்ரீஸ்டைல் வகையில் பத்துப் புள்ளி வித்தியாசம் வந்தால் ஆட்டம் முடிந்தது. புதுப் பையன்கள் புள்ளியைக் கோட்டை விடுவது ஓரத்தில்தான். வட்டத்துக்கு வெளியே கால் போனால் எதிராளிக்கு ஒரு புள்ளி. முழு மேட் இல்லாவிட்டாலும் நாலரை மீட்டர் கயிற்றைச் செங்கல்லில் கட்டித் தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுங்கள். ஒன்பது மீட்டர் அகலம் எவ்வளவு என்பது பையனின் காலுக்குத் தெரிய வேண்டும். அந்தத் தரையில் தள்ளிப் பழகினால் போதும், தூக்கிப் போட வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று: படர்தாமரை. இந்த வேர்வைக்கு ஒருவனுக்கு வந்தால் ஒரே மேட்டில் உருளும் எல்லோருக்கும் வரும். தினமும் ஒரு லிட்டர் தண்ணீரில் 10 மில்லி ப்ளீச் கலந்து மேட்டைத் துடைத்துக் காயவிடுங்கள். துண்டு அவரவருக்குத் தனி. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் கலப்பு க்ரீம்களில் ஸ்டீராய்டு இருக்கும். மூன்று நாளில் அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். டாக்டரிடமே அனுப்புங்கள், மருந்து தொடங்கி மூன்று நாளாவது மேட் பக்கம் விடாதீர்கள். பையன்கள் இதைத் தானாகச் சொல்ல மாட்டார்கள், கூச்சம். திங்கட்கிழமைதோறும் இன்னொரு ஆசிரியரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு 13 பேரின் கை, கழுத்து, முதுகை நீங்களே பார்த்துவிடுங்கள்.